பனிக்காலம் முடியிற கடலை மாடல்ல ஓட்டேக்க வாற பிழைகள்: அறிகுறி பாத்துத் திருத்திற வழி

திருகோணமலையில இருந்துகொண்டு சின்ன மெஷினில, அனேகமா ஒரு லப்டொப்பில, கடைசிப் பனிக்காலம் முடிஞ்ச காலத்தை ஓட்டிப் பாக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுறன். இண்டைக்கு 21,000 வருசத்துக்கு முந்தியில இருந்து 11,000 வருசத்துக்கு முந்தி மட்டும், காத்தில இருந்த சீஓ2 190 பிபிஎம் (பத்து லட்சத்தில 190 பங்கு) அளவில இருந்து 265 பிபிஎம் அளவுக்கு ஏறின அந்தக் காலம். சீஜீனி, யூவிக், ஐலவ்கிளிம் மாதிரி, கடலையும் காத்தையும் எளிமையாக் கணக்கிடுற நடுத்தரக் காலநிலை மாடல்தான் எல்லாரும் எடுக்கிறது, மாட்டுப்படுற இடமும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதால அறிகுறி அறிகுறியா பிரிச்சுப் போட்டிருக்கிறன், உங்கட பிரச்சினை எதுவோ அதுக்கு நேரா போங்கோ.

ஒண்டு மட்டும் முதல்ல சொல்லிப்போட்டுப் போறன். உப்பு, காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யிற தன்மை), மொத்தக் காபன் இந்த மூண்டின்ர கணக்கும் சரியா எண்டு பாக்காம பௌதிகப் பராமீட்டர் ஒண்டிலயும் கை வைக்காதீங்கோ. புதுக் கண்டுபிடிப்பு எண்டு சந்தோசமா கொண்டு வாற கிராஃபில முக்கால்வாசி கணக்குப் பிழை. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான், பழைய கொன்ஃபிக் ஃபைலை அழிக்காம திகதி போட்டு வையுங்கோ.

அறிகுறி: ரன் தொடங்கவே மாட்டுது, இல்லாட்டி முதல் நிமிசத்திலயே விழுது

முதல்ல டிஸ்கில இடம் இருக்கா பாருங்கோ. சிரிக்காதீங்கோ, இடம் முடிஞ்சா சில மாடல் ஒரு பிழைச்செய்தியும் சொல்லாம நிண்டிடும். அடுத்தது கொன்ஃபிக் ஃபைலை விண்டோஸ் நோட்பேடில புதுசா எழுதி சேவ் பண்ணினீங்களா? அப்பிடியெண்டா ஒவ்வொரு வரி முடிவிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், லினக்ஸ் அதை வாசிக்கத் தெரியாம திணறும், டொஸ்டூயுனிக்ஸ் ஓட்டினா போயிடும். ஃபோல்டர் பேரில இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தா அதையும் மாத்துங்கோ.

அதுவும் சரியெண்டா, "செக்மென்டேஷன் ஃபோல்ட்" எண்டு வருதா? ஃபோர்ட்ரான் மாடல் பெரிய அணிகளை ஸ்டாக்கில வைக்கும், யூலிமிட் கட்டளையால ஸ்டாக் அளவை அன்லிமிட்டட் ஆக்கிப்போட்டு திரும்ப ஓட்டுங்கோ, பாதிப் பேருக்கு அதோட சரிவரும். நெட்சிடிஎஃப் (தரவு ஃபைல் வாசிச்சு எழுதுற) லைப்ரரியைக் காணேல்ல எண்டு சொன்னா, அந்த லைப்ரரியும் மாடலும் ஒரே கொம்பைலரால கட்டினதா எண்டு பாக்கோணும், வேற வேற வேர்ஷன் எண்டா ஒத்துவராது.

ஆளைக் கூப்பிடுறது எப்ப: மாடலோட தாற உதாரண ரன்னை ஒரு எழுத்தும் மாத்தாம ஓட்டியும் விழுந்தா. அது உங்கட விஞ்ஞானப் பிழை இல்லை, மெஷின் பிழை, லினக்ஸ் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில இருந்து பாத்தா சுறுக்கா முடிஞ்சிடும்.

அறிகுறி: சில வருசம் ஓடி, பிறகு எல்லா இடத்திலயும் என்ஏஎன்

என்ஏஎன் எண்டா கணக்குக் கெட்டு எண்ணே இல்லாமப் போனது. எந்த மாறிதான் முதல்ல கெட்டது, எந்தப் பெட்டியில (மாடல் கடலை வெட்டி வச்சிருக்கிற கட்டம்) கெட்டது எண்டதைக் கண்டுபிடிக்காம ஒண்டும் செய்யாதீங்கோ. விழுறதுக்கு முன் வருசம் மட்டும் ஓட்டி, உப்பின்ர ஆகக்குறைஞ்ச பெறுமானம் எங்க கிடக்கு எண்டு பாருங்கோ, சைபருக்குக் கீழ போயிருந்தா ஆள் அங்கதான்.

இது பெரும்பாலும் பனிக்காலக் கடலடி வரைபடம் போட்ட பிறகுதான் வரும். கடல்மட்டத்தை 120 மீட்டர் அளவில இறக்கேக்க பேரிங் நீரிணை மூடும், ஆழமில்லாத மேடைக்கடல் எல்லாம் தரையாகும், எங்கட பாக்கு நீரிணையும் அந்தக் காலத்தில நடந்து போற தரைதான். அப்பிடி மாத்தேக்க ஒத்தைப் பெட்டிக் குளம் ஒண்டு கடலோட தொடர்பில்லாம தனிச்சு நிக்கும், அதுக்குள்ள ஆத்துத்தண்ணி வந்து விழும், வெளிய போக வழியில்லை, உப்பு சைபரைத் தாண்டிக் கீழ போகும். அந்தப் பெட்டியைத் தரையாக்குங்கோ. ஆறுகள் விழுற திசை ஃபைலையும் கட்டாயம் திருத்தோணும், பழைய கரையில விழுற ஆறு இப்ப தரையில விழுந்து அந்தத் தண்ணி கணக்கில இருந்தே காணாமப் போகும். இதுக்குப் பிறகும் விழுந்தாத்தான் நேரப்படியை (மாடல் ஒரு தடவைக்குத் தாண்டுற நேரம்) பாதியாக்கிப் பாக்கிறது, ஏனெண்டா அது ரன் நேரத்தை ரெட்டிப்பாக்கும்.

இதில இன்னொண்டு, எல்லாரும் வரைபடத்தைத் திறந்த உடன திருகோணமலையைத் தேடுவாங்க. சீஜீனியின்ர வழமையான 36க்கு 36 கிரிட்டில ஒரு பெட்டி கிழக்கு மேற்கா 10 பாகை, மத்தியகோட்டுக்குப் பக்கத்தில வடக்கு தெற்கா 3 பாகைக்குக் கொஞ்சம் கூட. இலங்கையே அதில இல்லை. எங்கட குடாவுக்கு வெளியில விழுற ஆழமான கடற்பள்ளத்தாக்கும் இல்லை. காணேல்ல எண்டு கைவேலையா ஒரு தீவைக் கீறிச் சேக்க வேண்டாம்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு தொடர்ந்த ரன் பழையதோட பொருந்தேல்ல

சில மாடல் ரன் முடியேக்க மட்டும்தான் ரீஸ்டார்ட் ஃபைல் (விட்ட இடத்தில இருந்து தொடரத் தேவையான ஃபைல்) எழுதும், அதால 10,000 வருசத்தை ஒரே ஓட்டமா போடாதீங்கோ, 1,000 வருசத் துண்டா வெட்டிப் போடுங்கோ. 2022ல மணிக்கணக்கா கரண்ட் வெட்டின காலத்தில துண்டு போட்ட ரன்தான் தப்பிச்சது.

பொருந்தாததுக்கு முதல் காரணம் நேரம். ரீஸ்டார்ட் ஆகேக்க மாடல் வருசம் திரும்ப சைபரில இருந்து எண்ணத் தொடங்கும், நீங்க குடுத்த நன்னீர் ஃபைலும் பனிப்பாள ஃபைலும் அதோட சேந்து ஆதியில இருந்து தொடங்கும். முதல் துண்டின்ர கடைசி வருசப் பெறுமானத்தையும் ரெண்டாம் துண்டின்ர முதல் வருசப் பெறுமானத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, சராசரிக் கடல் வெப்பம், சராசரிக் காரத்தன்மை, சீஓ2 மூண்டும் போதும். பாய்ச்சல் இருந்தா பிழை அங்க இருக்கு. ஃபோர்சிங் ஃபைலில (வெளியில இருந்து மாடலுக்கு நீங்க குடுக்கிற ஃபைல்) "இண்டைக்கு இத்தனை வருசத்துக்கு முந்தி" எண்டு எழுதினா எண் இறங்கிக்கொண்டு போகும், பல மாடலுக்கு ஏறிக்கொண்டு போற நேரம் வேணும், இதில தலைகீழாப் போன ரன் கனக்க. முந்தி எண்டு எண்ணுறது 1950ல இருந்து எண்டதையும் மறக்காதீங்கோ.

அறிகுறி: ஸ்பின்-அப் முடிஞ்சுது, ஆனா சீஓ2 ஒரு இடத்தில நிக்குதில்லை

ஸ்பின்-அப் எண்டது முக்கிய ரன்னுக்கு முதல் கடலைச் சமநிலைக்குக் கொண்டு வர ஓட்டுற ரன். 100 வருச கிராஃபைப் பாத்து நேர்கோடு எண்டு சொல்லாதீங்கோ. வருசத்துக்கு 0.01 பிபிஎம் நழுவினா 100 வருசத்தில 1 பிபிஎம், கண்ணுக்கே தெரியாது. அதே நழுவல் 7,000 வருசத்துக்கு ஓடினா 70 பிபிஎம், நீங்க தேடுற முழு மாத்தத்துக்கும் கிட்ட வந்திடும். அதால கடைசி 2,000 வருசத்தின்ர சரிவை எண்ணாக் கணக்கிட்டு எழுதி வையுங்கோ, பிறகு ஒரு கட்டுப்பாட்டு ரன், அதாவது ஒண்டும் மாத்தாம அப்பிடியே விடுற ரன், முக்கிய ரன்னின்ர முழு நீளத்துக்கும் ஓட்டுங்கோ. நேரம் போகுது எண்டு இதை விடுறவங்கதான் கடைசியில முழுசையும் திரும்ப ஓட்டுறது.

நழுவலுக்குக் காரணம் எளியதில இருந்து: ஆழ்கடல் இன்னும் சமநிலைக்கு வரேல்ல, இன்னும் ஓட்டுங்கோ. அப்பிடி இல்லாட்டி கடலடி அடையல் பகுதியைத் திறந்து விட்டிருக்கிறீங்க. கல்சியம் காபனேற்று அடியில புதையிற அளவும் பாறை கரைஞ்சு ஆறு கொண்டு வாற வானிலையழிவு அளவும் சமனா இல்லாட்டி காரத்தன்மை பல்லாயிரம் வருசத்துக்கு நழுவிக்கொண்டே இருக்கும். முதல் கட்டம் அடையலை மூடி வச்சு ஓட்டி, புதையிற அளவை அதில இருந்து எடுத்து, ரெண்டாம் கட்டத்தில வானிலையழிவுக்கு அந்த எண்ணையே குடுத்துத் திறந்து விடுங்கோ.

மூண்டாவது காரணத்தை எல்லாரும் தவறவிடுறாங்க. பனிக்காலக் கடல் கொள்ளளவில கிட்டத்தட்ட 3 வீதம் குறைவு. அதுக்காக உப்பை 1 அலகு கூட்டச் சொல்லி எல்லா வழிகாட்டியிலயும் இருக்கும், செய்வீங்க. அதே 3 வீதத்தை காரத்தன்மைக்கும் கரைஞ்ச காபனுக்கும் பொசுபேற்றுக்கும் கூட்டினீங்களா? கூட்டாட்டி கடலில இருந்த சரக்கில 3 வீதத்தை நீங்களே வெளிய எறிஞ்ச மாதிரி, பிறகு வாற சீஓ2 எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

அறிகுறி: சீஓ2 ஸ்கேல் வச்சுக் கீறின மாதிரி நேரா நிக்குது

ஸ்பின்-அப்பில 190க்கோ 278க்கோ (தொழிற்புரட்சிக்கு முந்தின அளவு) இழுத்துக் கட்டின கயிறை அவிழ்க்க மறந்திட்டீங்க. அவ்வளவுதான். கொன்ஃபிக்கில அந்த ஃபோர்சிங் வரியை எடுத்திட்டு ஓட்டுங்கோ. கதிர்வீச்சுப் பகுதி பாக்கிற சீஓ2வும் காபன் பகுதி பாக்கிற சீஓ2வும் வேற வேறயா வைக்கிற வசதி சில மாடல்ல இருக்கு, எது எதோட கட்டியிருக்கு எண்டு ஒரு துண்டில எழுதி வையுங்கோ.

அறிகுறி: நன்னீர் ஊத்தியும் அத்திலாந்திக் கவிழ்ப்பு ஓட்டம் அசையேல்ல

சூடான மேல்தண்ணி வடக்க போய், குளிர்ந்து தாழ்ந்து, ஆழத்தில தெற்க திரும்புற இந்த ஓட்டத்தை எல்லாரும் ஏமொக் எண்டுதான் சொல்லுறது, நானும் அப்பிடியே சொல்லுறன். மாரியில மகாவலி பெருகி கொட்டியாரக் குடாவுக்குள்ள விழேக்க கலங்கின தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல தனிப்படையா கிடக்கிறதை மூதூருக்கு வள்ளத்தில போன ஆக்கள் கண்டிருப்பீங்க. பனிப்பாளம் உருகின தண்ணியா வட அத்திலாந்திக்கில நீங்க ஊத்திறதும் அப்பிடி மேல நிண்டு, தாழுற தண்ணியை மறிக்கோணும். மறிக்கேல்ல எண்டா இந்த ஒழுங்கில பாருங்கோ.

அளக்கிறதே பிழையா இருக்கலாம். முழு உலகத்துக்குமான ஓட்டத்தின்ர ஆகக்கூடின பெறுமானத்தை எடுத்தா, அது மத்தியகோட்டுக்குப் பக்கத்தில காத்து இழுக்கிற மேல்படைச் சுழற்சியாத்தான் இருக்கும், அதுக்கும் உங்கட நன்னீருக்கும் சம்பந்தமில்லை. அத்திலாந்திக்கை மட்டும் வெட்டி, 500 மீட்டருக்குக் கீழ, வடக்கு 20 பாகைக்கு மேல இருக்கிறதில பாருங்கோ. இண்டைய அளவுக்கு ஒப்பிட ரெபிட் அளவீடு இருக்கு, 2004ல இருந்து வடக்கு 26.5 பாகையில அளக்கிறாங்க, சராசரி 17 ஸ்வெர்ட்ரப் அளவு. ஒரு ஸ்வெர்ட்ரப் எண்டது செக்கனுக்கு 10 லட்சம் கனமீட்டர்.

அடுத்தது அலகும் குறியும். மாடல் ஆவியாதலை நேர்க்குறியா எடுத்தா நீங்க ஊத்தினது தண்ணி இல்லை, உப்பு. அலகுக்கு ஒரு சுகமான சோதனை: 0.1 ஸ்வெர்ட்ரப்பை 100 வருசம் ஊத்தினா உலகக் கடல்மட்டம் 0.9 மீட்டர் அளவு உயரோணும். மாடல் நன்னீரை உண்மையான தண்ணியா எடுத்தா கடல்மட்டத்திலயும், உப்புக் குறைப்பா எடுத்தா சராசரி உப்பிலயும் அது தெரியும். தெரியேல்ல எண்டா பெருக்குத்தொகை எங்கயோ பிழை.

அதுவும் சரியெண்டா, மேல்பரப்பு உப்பை அவதானிச்ச பெறுமானத்துக்கு இழுக்கிற திருத்தம் போட்டிருக்கா பாருங்கோ, நீங்க ஊத்த ஊத்த அது பின்னால வந்து உப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். பிறகு இடம்: வடக்கு 50 தொடக்கம் 70 பாகை வரை பரவலா ஊத்திறதுக்கும், ஆத்து வாயில மட்டும் ஊத்திறதுக்கும் மாடல் வேற வேற பதில் தரும். கடைசியாத்தான் அளவைக் கூட்டுறது. கூட்டேக்க கணக்கை மறக்காதீங்கோ, 1 ஸ்வெர்ட்ரப் 1,000 வருசம் எண்டா 87 மீட்டர் கடல்மட்டம், முழுப் பனிக்கால முடிவுக்கும் இருந்ததே 120 சொச்சம்தான்.

அறிகுறி: ஏமொக் விழுது, ஆனா விழக்கூடாத நேரத்தில விழுது

இதுக்கு உடன பயப்படாதீங்கோ. பேர்மியூடா ரைஸ் எண்ட இடத்து அடையலில ஓட்டத்தின்ர வேகத்தைக் காட்டுற புரோட்டக்டினியம், தோரியம் விகிதத்தை அளந்து 2004ல மக்மேனஸ் குழு காட்டினது, ஹைன்ரிக் ஸ்டேடியல் 1ல, அதாவது 18,000 தொடக்கம் 14,700 வருசத்துக்கு முந்தின அந்தக் குளிர் காலத்தில, ஓட்டம் கிட்டத்தட்ட நிண்டுபோய் பிறகு போலிங் எண்ட சூடான காலம் தொடங்கேக்க திடீரெண்டு திரும்பினது எண்டு. ஆனா பனிப்பாளம் எப்ப எவ்வளவு உருகினது எண்ட மீளமைப்பை அப்பிடியே எடுத்து, ஐஸ்-6ஜி ஆனாலும் கிளக்-1டி ஆனாலும், உருகின தண்ணியைக் கடலில விட்டா, பெரிய உருகல் வாறது 14,600 வருசத்துக்கு முந்தி, அந்தச் சூடான நேரத்தில. அது உருகல் துடிப்பு 1ஏ, சில நூறு வருசத்துக்குள்ள கடல் 12, 15 மீட்டர் அளவு உயர்ந்தது. அதால மாடல்ல ஓட்டம் பிழையான நேரத்தில விழும். லியு குழுவின்ர ட்ரேஸ்-21கே ரன், 2009ல வந்தது, சூடாகிற இடத்தில நன்னீரைக் கையால நிப்பாட்டித்தான் அந்தப் பாய்ச்சலைக் கொண்டுவந்தது.

அதால நேர அச்சு தலைகீழா இல்லை, தண்ணி சரியான கரையில விழுது எண்டு ரெண்டையும் உறுதிப்படுத்திப்போட்டு, இது தீராத விஞ்ஞானக் கேள்வி எண்டு அறிக்கையில நேராவே எழுதுங்கோ. சரி வாறதுக்காக நன்னீரை இஷ்டத்துக்கு வெட்டினா எங்க வெட்டினது எண்டு சொல்லியே ஆகோணும்.

அறிகுறி: ஓட்டம் சரி, ஆனா சீஓ2 ஏறுறது 20 பிபிஎம் கூட இல்லை

ஆகக் கூடுதலா என்னட்டக் கேக்கிறது இதைத்தான், ஆக நேரம் எடுக்கிறதும் இதுதான். பொறுமையா பாருங்கோ.

முதல் வேலை காபனைக் கூட்டிப் பாக்கிறது. 1 பிபிஎம் எண்டது 2.12 பில்லியன் தொன் காபன். காத்து, கடல், தரை, அடையல் நாலையும் ஒவ்வொரு 100 வருசத்துக்கும் கூட்டி ஒரு கோடா கீறுங்கோ. மூடின அமைப்பில அந்தக் கோடு தட்டையா இருக்கோணும். தட்டையா இல்லாட்டி இங்கயே நில்லுங்கோ, கீழ வாசிக்கத் தேவையில்லை. நன்னீர் உப்பை ஐதாக்கினது, காரத்தன்மையையும் காபனையும் ஐதாக்கேல்ல, இல்லாட்டி ஒண்டை ஐதாக்கி மற்றதை விட்டிட்டுது, அனேகமா அதுதான் பிழை.

கணக்கு மூடுதா? அப்ப எதிர்பாக்கிறதைச் சரிபாருங்கோ. கடல் சராசரியா 2.6 பாகை அளவு சூடாகினது காத்துக்கு 25, 30 பிபிஎம் அளவு தரும். உப்புக் குறைஞ்சது 6, 7 பிபிஎம் எடுக்கும். பனி விலக விலக தரையில காடு வளர்ந்து இன்னும் கொஞ்சத்தை எடுக்கும். ஆக வெப்பமும் உப்பும் தரையும் மட்டும் ஓடுற மாடல் 20க்குள்ள நிக்கிறதில அதிசயம் ஒண்டும் இல்லை, மிச்சம் முழுக்கத் தென்கடலில (அந்தாட்டிக்காவைச் சுத்தின கடல்) இருந்தும் உயிரிப் பகுதியில இருந்தும் காபனேற்றில இருந்தும்தான் வரோணும்.

அங்க போய்ப் பாக்க வேண்டியது மூண்டு. தூசி: பனிக்காலத்தில தென்கடலுக்குப் போன இரும்புத் தூசி கூடுதல், பிறகு குறைஞ்சது, நீங்க இண்டைய தூசி வரைபடத்தையே முழுக்க வச்சிருந்தா அந்தக் கதை உங்கட ரன்னில நடக்கவே இல்லை. காத்து: கன நடுத்தர மாடல்ல காத்து ஒரு நிலையான ஃபைல், தென்கடலுக்கு மேல மேற்கில இருந்து வீசுற காத்து மாறாது, ஆழ்தண்ணி மேல வாறதும் கூடப்போறதில்லை, கையால மாத்திக் குடுத்தாத்தான் உண்டு. கடற்பனி: தென்கடல் பனி மூடி எவ்வளவு வேகமா விலகுது எண்டு வரைபடத்தில கண்ணால பாருங்கோ.

இதில எது எண்டு பிரிக்க, ஆழ்கடல் ஒட்சிசன் குறைவை மாடல் வச்சிருக்கிற ஒட்சிசன், பொசுபேற்று விகிதத்தால பிரிச்சு, உயிரி வழியா கீழ இறங்கின பொசுபேற்று எவ்வளவு எண்டு கணக்கிடுங்கோ. பனிக்காலத்தில அது கூடவா இருந்து பிறகு குறையோணும். குறையேல்ல எண்டா உங்கட உயிரிப் பம்பு, அதாவது உயிரி வழியா காபன் ஆழத்துக்கு இறங்கிறது, மாறவே இல்லை, சுழற்சியை எவ்வளவு ஆட்டினாலும் வராது.

வேகத்தையும் பாருங்கோ. 2014ல மார்க்கொட் குழு மேற்கு அந்தாட்டிக்காவின்ர வெயிஸ் டிவைட் பனிக்கருவில இருந்து காட்டினது, 16,300, 14,800, 11,700 வருசத்துக்கு முந்தி ஒண்டு ரெண்டு நூற்றாண்டுக்குள்ள 10 தொடக்கம் 15 பிபிஎம் பாய்ஞ்சிருக்கு எண்டு. உங்கட கோடு முழுக்க வழுவழுப்பா ஏறி கடைசியில 265ல சரியா வந்து நிண்டாலும் நான் நம்பமாட்டன்.

இங்க ஒரு வேண்டுகோள். வாயுப் பரிமாற்ற வேகத்தையோ உயிரித் துணிக்கை கரையிற ஆழத்தையோ முறுக்கி 75 பிபிஎமைக் கொண்டுவரேலும், ஒரு மத்தியானத்தில செய்யலாம். செய்யாதீங்கோ. அடுத்த அறிகுறியில அது பிடிபடும்.

அறிகுறி: சீஓ2 பொருந்துது, சமதானி பொருந்தேல்ல

சமதானி எண்டது ஒரே மூலகத்தின்ர வேற நிறையுள்ள அணு, இங்க காபன்-14, காபன்-13. காபன்-14க்கு அரைவாழ்வு 5,730 வருசம், அதால 2,000 வருச ஸ்பின்-அப்பில ஆழ பசிபிக் ஒருநாளும் சரிவராது, 10,000க்கு மேல வேணும். உற்பத்தி வீதத்தை இண்டைய அளவில வச்சிருந்தா பனிக்காலக் காத்தின்ர உயர்ந்த பெறுமானம் வராது, அந்தக் காலத்தில காந்தப்புலம் பலவீனம், உற்பத்தி கூட. 17,500க்கும் 14,500க்கும் இடையில காத்தின்ர காபன்-14 ஆயிரத்துக்கு 190 அளவு விழுந்தது, சுழற்சியால மட்டும் அதைக் கொண்டுவரப் பாக்க முதல் உற்பத்தி ஃபைலைப் போடுங்கோ.

காபன்-13க்கு, சராசரி எடுக்கேக்க விகிதத்தை நேராக் கூட்டிப் பிரிக்காதீங்கோ, ஒவ்வொரு பெட்டியின்ர காபன் அளவால நிறுத்துச் சராசரி எடுக்கோணும். பனிக்காலக் கடல் முழுக்கச் சேந்து இண்டையதை விட ஆயிரத்துக்கு 0.3, 0.4 அளவு குறைவு, அது தரையில இருந்து வந்த காபன், அதைக் குடுக்காம ஆழப் பெட்டிகளை ஒப்பிட்டா எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் விலகி நிக்கும்.

எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் விலகினா மாடலைப் பாருங்கோ. ஒண்டு ரெண்டு கரு (கடலடியில குடைஞ்செடுத்த அடையல் தூண்) மட்டும் விலகினா, 10 பாகைப் பெட்டிக்குள்ள ஒரு மலைச்சரிவில எடுத்த கருவை ஒப்பிடுறீங்களோ எண்டு அதின்ர ஆழத்தைப் பாருங்கோ, அதுக்குப் பிறகு அடையல் வேலை தெரிஞ்ச ஒராளிட்டக் கேளுங்கோ, கருவின்ர வயதுக் கணக்கு மாறியிருக்கா, புழு கிளறின அடையலா எண்டதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்.

மாடல் எழுதினவங்களுக்குக் கடிதம் போடுறது, மாத்தாத உதாரண ரன்னிலயே காபன் கணக்கு மூடேல்ல எண்டா மட்டும். போடேக்க பிழை வாற ஆகச் சின்ன ரன்னா சுருக்கி, கொன்ஃபிக் ஃபைல், கொம்பைலர் வேர்ஷன், லொக்கின்ர கடைசி 50 வரி, மொத்தக் காபன் கிராஃப் எல்லாத்தையும் சேத்து அனுப்புங்கோ, வேலை செய்யேல்ல எண்டு மட்டும் எழுதினா அவங்க திருப்பிக் கேக்கப்போறதும் இதே நாலையும்தான்.